லா யொரோனா அழும் கரைகள்

அக்டோபர் 24, மெக்ஸிகோ நகரம்

காலை ஏழரைக்கு மெட்ரோ வாசலில் தமாலே வண்டி ஆவி பறக்க நிற்கிறது. சோள மாவை மடலில் பொதிந்து வேகவைத்து, அதை அப்படியே உரித்து ஒரு பன்னுக்குள் அடைத்துத் தருகிறார்கள். குவாஹொலோத்தா என்று பெயர். 30 பெசோவுக்குள் வேலை முடிந்துவிடும் (ஒரு பெசோ ஏறத்தாழ ஐந்து ரூபாய்), மதியம் வரை பசியும் எடுக்காது. மிளகாய்க் கீற்றும் பாலாடைக்கட்டியும் வைத்ததை ராஹாஸ் என்கிறார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் அதைக் கேட்கலாம், ஆனால் மாவைப் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பு சேர்த்துத்தான் பிசைகிறார்கள். "சின் மந்தேகா" (கொழுப்பில்லாமல்) இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஊர் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் முதல் நாள் மெட்ரோ படிக்கட்டே மூச்சு வாங்க வைக்கும். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், இரவில் பத்து டிகிரி வரை இறங்கும்.

இந்தப் பயணம் ஒரே ஒரு பேயின் பின்னால் போன பயணம். லா யொரோனா, அழுகிறவள். மெக்ஸிகோவில் அவள் கதையைக் கேட்காமல் வளர்ந்தவர் அரிது. புருஷனோ காதலனோ கைவிட்ட ஒருத்தி ஆத்திரத்தில் தன் பிள்ளைகளை ஆற்றில் அமுக்கிக் கொன்றுவிடுகிறாள். செத்த பிறகும் கதி கிடைக்காமல், வெள்ளை உடையில், "ஐயோ என் பிள்ளைகளே" என்று அழுதுகொண்டே தண்ணீர்க் கரையோரம் அலைகிறாள். இருட்டியபின் கரையில் தனியாக நிற்கும் குழந்தையைத் தன் பிள்ளை என்று இழுத்துக்கொண்டு போய்விடுவாள். எல்லாருக்கும் தெரிந்த வடிவம் இது. எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய வடிவத்தில் அவள் யாரையும் கொல்லவில்லை. தன் பிள்ளைகளுக்கு வரப்போகும் அழிவை நினைத்து அழுகிறாள். கொலைப்பழி பின்னால் அவள் தலையில் ஏற்றப்பட்டது. கதையைச் சொல்கிறவர் மாறும்போதெல்லாம் பழி இடம் மாறுகிறது. ஊர் ஊராகப் போய்க் கேட்டதில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்.

நகரத்துக் கதைக்கு நிலைக்களம் ஊரின் மையத்திலுள்ள சோகலோ சதுக்கம். லூயிஸ் கொன்சாலெஸ் ஒப்ரெகோன் 1922-ல் வெளியிட்ட, மெக்ஸிகோ நகரத் தெருக்களைப் பற்றிய தொகுப்பில் அவள் வருகிறாள். காலம் 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. இரவு ஊரடங்கு மணி அடித்ததும் ஜனங்கள் கதவைத் தாழிட்டுக்கொள்வார்கள். வெள்ளைப் புடவையும் முக்காடுமாக ஒருத்தி தெருத் தெருவாக நடந்து சதுக்கத்துக்கு வருவாள். கிழக்கே பார்த்து மண்டியிட்டு, நீளமாக ஒரு ஓலம் விடுவாள். பிறகு எழுந்து ஏரிக்கரையை நோக்கிப் போய் மறைந்துவிடுவாள்.

ஏன் கிழக்கு என்பது அங்கே நின்று பார்த்தால் விளங்கும். பேராலயம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். எதிரே தேசிய மாளிகை, அதுதான் கிழக்கு. அதற்கு அப்பால் அன்று தெஷ்கோகோ ஏரி. மாளிகையின் வலப்புறம் ஒட்டிப் போகும் கொர்ரெஹிதோரா தெரு அன்று வாய்க்கால்; அசேகியா ரியால் என்பார்கள். தெற்கிலுள்ள சொச்சிமில்கோவின் காய்கறியும் பூவும் லா வீகா கால்வாய் வழியாகப் படகில் வந்து இதற்குள் நுழையும். பேயின் வழித்தடமும் இந்த நீர்வழியும் ஒன்றுதான். 1629 வெள்ளத்தில் நகரம் ஐந்து வருடம் தண்ணீரில் கிடந்தது. அதன்பிறகு ஏரியை வடிப்பதே அரசின் வேலையாகிவிட்டது. 1900-ல் பெரிய வடிகால் கால்வாயைத் திறந்துவைத்தார்கள். ஏரி போயிற்று. லா வீகா இன்று வண்டிகள் ஓடும் சாலை. சதுக்கத்தில் இந்த வாரம் இறந்தோர் நாளுக்கான பிரம்மாண்டப் படையல், நகரக்கூட முடியாத கூட்டம், காது கிழியும் ஒலிபெருக்கி. அழுகிறவளுக்கு இங்கே ஒரு சொட்டுக் கரை மிச்சமில்லை.

பக்கத்திலேயே ஆஸ்டெக்குகளின் தெம்ப்லோ மயோர் கோயில் இடிபாடுகள். திங்கட்கிழமை விடுமுறை. 1978 பிப்ரவரியில் மின்வாரியத் தொழிலாளிகள் குழி தோண்டும்போது தட்டுப்பட்ட, கொயொல்ஷாவ்கி என்ற தெய்வத்தின் கல் உள்ளே இருக்கிறது. மூன்றேகால் மீட்டர் விட்டமுள்ள வட்டக் கல்லில், கைகால் துண்டிக்கப்பட்ட பெண் உருவம். மேல் தளத்திலிருந்து குனிந்து பார்த்தால்தான் முழு உருவமும் பிடிபடும்.

அக்டோபர் 25, மானுடவியல் அருங்காட்சியகம், கொயொவாகான்

ஒன்பது மணிக்குக் கதவு திறந்ததும் மற்ற கூடங்களை விட்டுவிட்டு, முற்றத்தைக் கடந்து நேர் எதிரே இருக்கும் மெஷிகா (ஆஸ்டெக்) கூடத்துக்குப் போய்விடுங்கள். பத்தரைக்கு மேல் சுற்றுலாக் கூட்டம் நிறைந்துவிடும், கல்லின் எதிரே நிற்க முடியாது.

அங்கே கோவாத்லிக்குவே என்ற தாய்த் தெய்வம் கல்லாக நிற்கிறாள். இரண்டரை மீட்டர் உயரம். தலை இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பாம்புகள் முகத்தோடு முகம் பார்க்கின்றன. கழுத்தில் வெட்டிய கைகளும் இதயங்களும் கோத்த மாலை, இடுப்பில் பாம்பு பின்னிய பாவாடை. 1790-ல் சோகலோவில் தோண்டி எடுத்தபோது, பூர்வகுடிகள் மெழுகுவத்தியும் பூவும் கொண்டுவந்து வைக்கத் தொடங்கிவிட்டார்கள். பயந்துபோன பல்கலைக்கழகம் தன் முற்றத்திலேயே அவளைத் திரும்பப் புதைத்தது. 1803-ல் ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் பார்க்கக் கேட்டதற்காக ஒருமுறை தோண்டிக் காட்டிவிட்டு மறுபடியும் புதைத்தார்கள். தாய்த் தெய்வத்தைக் கண்டு ஒரு ஆட்சி எவ்வளவு அஞ்சியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

யொரோனாவின் நேர் மூதாதை என்று ஆய்வாளர்கள் பலரும் கைகாட்டுவது சிவாக்கோவாத்ல் என்ற தெய்வத்தை. மருத்துவச்சிகளின் தெய்வம், போருக்கும் உரியவள். பெர்னார்தினோ தெ சஹகூன் என்ற பிரான்சிஸ்கன் துறவி, ஆஸ்டெக்குகளின் மொழியான நாவாத்ல் பேசும் அறிஞர்களை வைத்துக்கொண்டு எழுதி 1577 வாக்கில் முடித்த 12 நூல்களில் அவளைப் பற்றி வருகிறது. மூலச்சுவடி இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகர லாரன்சியன் நூலகத்தில் இருக்கிறது. 2023-லிருந்து அமெரிக்காவின் கெட்டி (Getty) நிறுவனம் அதை முழுதும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அருங்காட்சியகத்துக்குப் போகுமுன் இரண்டு இடங்களைப் படித்துவிட்டுப் போங்கள்.

ஒன்று, முதல் நூலில் சிவாக்கோவாத்ல் வரும் பகுதி. வெள்ளை பூசி, வெள்ளை உடுத்தி, முன்தலையில் கொம்புபோல முடி கட்டி இரவில் வருவாள். முதுகில் ஒரு தொட்டில். பகலில் சந்தைக்கு வந்து, மற்றப் பெண்களுக்கு நடுவே அந்தத் தொட்டிலை இறக்கி வைத்துவிட்டுக் காணாமல் போய்விடுவாள். பிள்ளையை மறந்துவிட்டுப் போனாளோ என்று பெண்கள் துணியை விலக்கிப் பார்ப்பார்கள். உள்ளே குழந்தை இருக்காது. பலி கொடுக்கும் கல்கத்தி கிடக்கும். அந்தக் கத்தியை இந்தக் கூடத்திலேயே பார்க்கலாம்: கைக்கு அடங்கும் நீளம், இலை வடிவம், இரு ஓரமும் சில்லு சில்லாகக் கொத்திக் கூராக்கியது. சிலவற்றுக்குச் சிப்பியில் கண்ணும் பல்லும் பதித்து முகம் வைத்திருக்கிறார்கள். தொட்டிலில் சுற்றிவைத்தால் பிள்ளைமுகம் மாதிரியே தெரியும் என்று அவற்றைப் பார்த்தபின் தோன்றியது.

இன்னொன்று, 12-ஆம் நூலின் முதல் அத்தியாயம். ஸ்பானியர் வருவதற்குமுன் தோன்றிய எட்டுத் துர்ச்சகுனங்களில் ஆறாவது: இரவில் ஒரு பெண் அழுதுகொண்டே போகும் குரல் அடிக்கடி கேட்டது. பிள்ளைகளே, நாம் போகும் நேரம் வந்துவிட்டது. உங்களை எங்கே கொண்டுபோய் ஒளிப்பேன் என்று அழுதாளாம். 1521-ல் ஸ்பானியரிடம் நகரம் வீழ்ந்து சில பத்தாண்டுகள் கழித்து எழுதியது இது. வீழ்ந்த பிறகு, வீழ்ச்சிக்கு அறிகுறி தேடிச் சேர்த்த கதைகள் என்று வரலாற்றாய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியே இருக்கட்டும். தோற்றுப்போன சனம் தன் துக்கத்தைச் சொல்ல ஒரு தாயின் அழுகையைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. அதில் கொலை இல்லை, ஆறு இல்லை, கைவிட்ட புருஷனும் இல்லை.

பிரசவத்தில் இறந்த பெண்களான சிவாதெதேயோவையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். போரில் மாண்ட வீரருக்குரிய மரியாதை அவர்களுக்கு உண்டு. உச்சியிலிருந்து மேற்குவரை சூரியனைச் சுமந்துபோவது அவர்கள் வேலை. ஆனால் பஞ்சாங்கத்தில் குறித்த ஐந்து நாட்களில் நாற்சந்திகளுக்கு இறங்கிவந்து குழந்தைகளைப் பிடிப்பார்கள் என்று பயந்து, அன்றைக்குப் பிள்ளைகளை வெளியே விடமாட்டார்களாம். பிள்ளைபிடிக்கும் பெண் என்ற இழை இங்கிருந்து வருகிறது. ஐரோப்பாவிலும் இதேபோல் வெள்ளைப் பெண் கதைகள் இருப்பதைக் காட்டி, இது அங்கிருந்து வந்த சரக்கு என்று 1960-ல் பாசில் கர்ட்லி வாதிட்டார். இரண்டும் கலந்தது என்பதே பொருத்தமாகப் படுகிறது: அழுகை இந்த மண்ணுடையது, கைவிட்டவனும் பிள்ளைக்கொலையும் கப்பலில் வந்தவை.

மாலையில் நகரத்தின் தெற்கே கொயொவாகான். சந்தைக்குள் தொஸ்தாதா (மொறுமொறுப்பான சோள அடை) கடைகளில் உட்கார்ந்தால், பக்கத்தில் எழுந்து போகிறவர் முன்பின் தெரியாதவர்கள் எல்லாரிடமும் "ப்ரொவெச்சோ" (நன்றாகச் சாப்பிடுங்கள்) சொல்லிவிட்டுத்தான் போவார். திரும்ப "க்ராசியாஸ்" (நன்றி) சொல்லவேண்டும். சும்மா இருந்தால் முகம் சுருங்கிவிடும்.

லா கொஞ்சித்தா சதுக்கத்தின் ஓரத்தில் சிவப்பு வீடு. மலின்செ வாழ்ந்த வீடு என்று சொல்கிறார்கள். தனியார் வீடு, உள்ளே விடமாட்டார்கள், கதவைத் தட்டாதீர்கள். ஸ்பானியப் படைத்தலைவன் கோர்த்தேஸ், நகரம் வீழ்ந்ததும் கொயொவாகானில் தங்கித்தான் ஆண்டான். அவன் மனைவி கதலீனா சுவாரெஸ் இறந்ததும் இங்கேதான், 1522-ல், புனிதர் அனைவர் நாள் இரவில். மலின்செ அவனுடைய மொழிபெயர்ப்பாளர், அவனுக்கு மார்த்தீன் என்ற மகனைப் பெற்றவர். 1528-ல் கோர்த்தேஸ் அந்தச் சிறுவனை ஸ்பெயினுக்குக் கூட்டிப்போய்விட்டான். மலின்செதான் யொரோனா என்று இன்று பலர் சொல்வார்கள், வழிகாட்டிகளும் சொல்வார்கள். இது பின்னாளைய இணைப்பு. 1933-ல் ரமோன் பெயோன் எடுத்த யொரோனா படத்திலேயே இரு கதையும் கலந்து வருகின்றன. மலின்செ பிள்ளையைக் கொன்றதாக எந்த ஆவணமும் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர் தலையில் பிள்ளைக்கொலையைக் கட்டுவது பெரிய அநியாயம்.

அக்டோபர் 26, சொச்சிமில்கோ

தஸ்கேன்யா மெட்ரோ நிலையத்திலிருந்து இலகு ரயில், கட்டணம் மூன்று பெசோ. கடைசி நிலையத்தில் இறங்கியதுமே சைக்கிளில் வருகிறவர்கள் "படகா, படகா" என்று வழிமறித்து, தள்ளியிருக்கும் ஏதோ ஒரு துறைக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே விலை இரட்டிப்பாகும். நேராக அரசாங்கப் பலகை வைத்த படகுத்துறைக்குப் போய்விடுங்கள். கட்டணம் ஆளுக்கு அல்ல, படகுக்கு. மணிக்குச் சில நூறு பெசோ ஆகும். "ஆளுக்கு இவ்வளவு" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு நகருங்கள். கிளம்பும் நேரத்தைப் படகோட்டியோடு சேர்ந்து கடிகாரத்தில் பார்த்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் சண்டை எப்போதும் திரும்பி வரும்போதுதான் வரும். மரியாச்சி இசைக்குழு பாட்டுக்குத் தனியாக வாங்கும், வாத்தியத்தை எடுக்குமுன்பே விலை பேசிக்கொள்ளுங்கள்.

திரஹிநேரா என்ற தட்டையடிப் படகை நீண்ட கழியால் தரையைக் குத்தித் தள்ளுகிறார்கள். இருபக்கமும் சினாம்பா தோட்டங்கள். ஆழமில்லாத ஏரியில் முளையடித்து, வேலிபோலப் பின்னி, நடுவே நீர்ச்செடியையும் அடிச்சேற்றையும் மாறி மாறி அடுக்கி எழுப்பிய நிலம். ஓரம் கரையாமல் இருக்க ஆவெஹோத்தே என்ற வில்லோ மரத்தை வரிசையாக நட்டிருக்கிறார்கள்; ஒல்லியாக நேரே வளர்வதால் பயிருக்கு நிழல் விழாது. ஏரியின் மிச்சம் இதுதான். 1987-ல் நகர மையத்தோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

யொரோனா நாடகம் நடப்பது குவெமான்கோ துறையில். 1993-லிருந்து ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பரில் வாரக்கடைசி இரவுகளில் போடுகிறார்கள். நுழைவு சில நூறு பெசோ. படகுகள் வரிசையாகப் புறப்பட்டு இருட்டில் கால்வாய் வழியே தள்ளிப்போய், ஒரு குளத்தின் நடுவே சினாம்பாவில் கட்டிய மேடைக்கு எதிரே நின்றுவிடும். படகில் இருந்தபடியே பார்க்கவேண்டும். போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: முதலில் ஏறும் படகுக்கு முன்வரிசை கிடைக்கும் என்பதால் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போங்கள். கழிப்பறை துறையில் மட்டும்தான். தண்ணீர்மேல் குளிர் தரையைவிடக் கூடுதல், கம்பளி இல்லாமல் போனால் பாதியிலேயே பல் அடித்துக்கொள்ளும். ஸ்பானிஷும் நாவாத்லும் கலந்த வசனம். கதை முன்பே தெரிந்திருந்தால் மொழி தடையில்லை. எங்கள் படகு சேற்றில் தரைதட்டி, பின்னால் வந்த படகுக்காரர்கள் சேர்ந்து தள்ளிவிட்டார்கள். நன்றி சொன்னால் ஒரு கையசைப்பு, அவ்வளவுதான்.

நாடகத்தில் நடனம், தாரை, தீப்பந்தம் எல்லாம் உண்டு. ஆனால் ஆளை உலுக்குவது அந்தக் குரல் வரும் விதம். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டாலும் இங்கே ஒரு அழுகை நெடுந்தொலைவு கேட்கும். காரணம் இரவுக் குளிர். நீர்ப்பரப்பை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலிருக்கும் காற்று சூடாகவும் இருக்கும். குளிர்காற்றில் ஒலி மெதுவாகப் போவதால், மேலெழும் ஒலி வளைந்து திரும்பத் தண்ணீரை நோக்கியே இறங்கும். அதனால் தூரத்துச் சத்தம் பக்கத்தில் எழுவதுபோல் ஏமாற்றும். "அவள் குரல் அருகே கேட்டால் தூரத்தில் இருக்கிறாள், தூரத்தில் கேட்டால் அருகே வந்துவிட்டாள்" என்று நாடு முழுதும் சொல்வார்கள். கூகை அலறுவதை ஒருமுறை கேட்டவர்களுக்கு மீதியும் புரிந்துவிடும். பெண் வீறிடுவது போலவே இருக்கும். வாய்க்கால் பக்கம் பிள்ளைகளை அண்டவிடாமல் வைக்க இதைவிடப் பொருத்தமான காவல் கிடைக்காது.

பொம்மைத் தீவுக்கும் இங்கிருந்துதான் போகவேண்டும். மூழ்கி இறந்த ஒரு சிறுமியின் ஆவியைச் சாந்தப்படுத்த ஹூலியன் சந்தானா என்பவர் மரமெங்கும் பொம்மைகளைத் தொங்கவிட்ட இடம். அவர் 2001-ல் இறந்தார். குவெமான்கோவிலிருந்து போய்வர நான்கு மணி நேரம் ஆகும். ஒன்றரை மணி நேரத்தில் காட்டுகிறேன் என்றால் வழியில் பின்னால் செய்துவைத்த நகலுக்குத்தான் கூட்டிப்போகிறார்கள்.

கரையில் நீலச்சோள த்லகோயோ கிடைக்கும். நீள்வட்ட அடை, உள்ளே மொச்சை மசியல், மேலே கள்ளித்தண்டுக் கறி. எண்ணெயில்லாமல் கல்லில் சுட்டுத் தருகிறார்கள். இந்தப் பயணத்தில் சைவத்துக்கு ஆகச் சிறந்த உணவு அதுதான்.

அக்டோபர் 28, 29, பேருந்தில்

நாட்டின் தெற்கே, இரு கடலுக்கு நடுவே ஒடுங்கும் தெவான்தெபெக் நிலக்கழுத்துக்கு இரவுப் பேருந்து. பன்னிரண்டு மணி நேரம் என்று சொன்னதோடு, விடிகாலையில் சாலை மறியல் ஒன்று சேர்ந்துகொண்டது. இந்தப் பக்கம் அது அடிக்கடி நடப்பது; ஊர்க்காரர்கள் கோரிக்கையோடு கட்டையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள், பேச்சுவார்த்தை முடிந்தால் விடுவார்கள். பேருந்து நிறுவனம் ஒரு வார்த்தையும் அறிவிக்கவில்லை. ஓட்டுநரே இறங்கிப்போய் விசாரித்து வந்து சொன்னார். யாரும் கத்தவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் எங்கிருந்தோ பெண்கள் கூடையோடு வந்து தமாலும் பாலாடைக்கட்டியும் விற்றார்கள். பக்கத்து இருக்கை அம்மாள் தன் தொத்தோபோ (மொறுமொறுப்பான சோள அடை) பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் நீட்டினார். கைவசம் சில்லறை, தண்ணீர், இரண்டு வேளைக்கான தின்பண்டம் இல்லாமல் இந்த வழியில் ஏறாதீர்கள். இணைப்பு வண்டியை அதே நாளில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

அக்டோபர் 30, 31, ஹுச்சித்தான்

காற்று. அதைத்தான் முதலில் சொல்லவேண்டும். இந்தப் பருவத்தில் வடக்கிலிருந்து வரும் காற்று இரு மலைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் பிதுங்கிக்கொண்டு வீசும். லா வென்தோசா பக்கம் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதற்கு அதுவே காரணம். தொப்பி நிற்காது. மெக்ஸிகோ நகரத்துக் கம்பளியைப் பைக்குள் வையுங்கள், இங்கே வேர்க்கும்.

2017 செப்டம்பர் 7-ல் வந்த 8.2 அளவு நிலநடுக்கம் இந்த ஊரை உலுக்கிப்போட்டது. நகராட்சி மாளிகையில் ஒரு பகுதி சரிந்தது, ஓட்டு வீடுகள் ஏராளமாகப் போயின. அந்தத் தழும்பு இன்னும் தெருவில் தெரிகிறது.

நாடெங்கும் நவம்பர் 1, 2 என்றால், ஹுச்சித்தானின் ஸபோதெக் பூர்வகுடி மக்கள் அக்டோபர் கடைசியிலேயே இறந்தோரை வரவேற்றுவிடுகிறார்கள். ஷாந்து என்று பெயர். இங்கே கல்லறையில் கூட்டம் தேடிப் போகாதீர்கள். கல்லறைக்குப் போவது ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில். இந்த நாட்களில் எல்லாம் வீட்டுக்குள்தான் நடக்கும். கதவைத் திறந்துவைத்து, பூவும் பழமும் ரொட்டியுமாகப் படையல் வைத்திருப்பார்கள். அழைத்தால் போகலாம். பூ, மெழுகுவத்தி, உறையில் கொஞ்சம் பணம் கொண்டுபோவது வழக்கம். படையலுக்கு முன் சற்று நின்றுவிட்டு உட்கார்ந்தால் ரொட்டியும் சாக்லேட் பானமும் தமாலும் வரும். வேண்டாம் என்று சொல்லக்கூடாது, சாப்பிட முடியாவிட்டால் கட்டிக்கொண்டு போகலாம். கேட்காமல் படம் எடுப்பது பெரிய அவமரியாதை.

சந்தையில் புப்பு குடியுங்கள். சூடான வெள்ளைச் சோளக்கஞ்சி. அதன்மேல் குளிர்ந்த நுரை ஒரு குவியல். வறுத்த கொக்கோ, வெல்லம், காய்ந்த பூவிதழ் மூன்றையும் அரைத்து, மண்பானையில் தண்ணீர் விட்டு, மரமத்தால் கடைந்து எழுப்பும் நுரை அது. அந்தப் பூ வேறெதுவுமில்லை, நம் கோயில் வாசல்களில் உதிர்ந்து கிடக்கும் ஈழத்தலரி இனம். மரத்தின் சொந்த ஊரே இந்தப் பக்கம்தான். கஞ்சியின் சூட்டில் பூவாசம் மெல்ல மேலேறி வரும். நுரையை முதலில் தின்று தீர்த்துவிடக்கூடாது. அடியிலுள்ள கஞ்சிக்கு இனிப்பு கிடையாது, இரண்டையும் கலந்துதான் குடிக்கவேண்டும். கார்நாச்சா என்ற சின்ன அடைகளைக் கொழுப்பில் பொரித்து, மேலே உதிர்த்த மாட்டிறைச்சி, ஊறவைத்த முட்டைக்கோசு, உலர்ந்த பாலாடை தூவுகிறார்கள்.

லா யொரோனா என்ற பாட்டு பிறந்தது இந்த நிலக்கழுத்தில். இசைக்குழு நிற்கும் எந்தக் கடையிலும் கேட்கலாம். மூன்று காலத் தாளம், சோகச் சுரம், எட்டசை கொண்ட நாலடிச் சரணங்கள், நடுநடுவே அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுதல். மூல ஆசிரியர் யார் என்று கிடையாது. நிலையான வரிசையும் கிடையாது. பாடகர் தனக்குப் பிடித்த ஆறேழு சரணங்களைப் பொறுக்கிப் பாடுவார். இந்தப் பகுதியைச் சேர்ந்த எழுத்தாளர் அந்த்ரெஸ் எனெஸ்த்ரோசா (1906–2008) சரணங்கள் சேர்த்து நாடறியச் செய்தார். கோஸ்டாரிகாவில் பிறந்த சவேலா வர்காஸ் ஒரு கிதாரை மட்டும் வைத்துக்கொண்டு மெதுவாகப் பாடிப் பாடி அதை உலகத்துக்குக் கொண்டுபோனார். 2017-ல் வந்த கோகோ படத்தின் மூலம் குழந்தைகளுக்கும் தெரியும். இந்தப் பாட்டின் யொரோனா கொலைகாரி இல்லை. கோயிலிலிருந்து பூவேலை ரவிக்கையோடு வெளியே வரும் பெண்ணைப் பார்த்து ஒருவன் உருகுகிறான். பேய்க்கதையை எதிர்பார்த்துக் கேட்கிறவர்கள் குழம்பிப்போவது இதனால்தான். அதே பெயரில் ஒருத்தியை ஊரே நேசிக்கவும் செய்கிறது என்பது எனக்கு இந்தப் பயணத்தின் பெரிய ஆறுதல்.

ஒரு யோசனை. "யொரோனா இருக்கிறாளா" என்று கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். "இந்த ஊரில் எந்தப் பக்கம் கேட்கும்" என்று கேளுங்கள். ஆற்றின் பெயர், பாலத்தின் பெயர், மரத்தின் பெயர் என்று துல்லியமாக வரும். ஹுச்சித்தானில் லோஸ் பெர்ரோஸ் ஆற்றைக் கைகாட்டினார்கள். இன்று அது சாக்கடை கலந்து ஓடுகிறது. காட்டியவர்களே அதைச் சொல்லி வருத்தப்பட்டார்கள்.

நவம்பர் 2, வஹாக்கா நகரம்

மலைச்சாலை வளைவுகளில் வயிறு புரட்டும். ஏறுமுன் அரைவயிறாகச் சாப்பிடுங்கள். ஊருக்குள் நுழைந்தால் எங்கும் செம்பாசூச்சில் பூக்குவியல். நம்மூரில் துலுக்கச் சாமந்தி என்று மாலை கட்டும் அதே பூ, இங்கிருந்துதான் உலகம் சுற்றியது. அறை வாடகை இந்த வாரம் மூன்று மடங்கு. த்லயூதா தின்னாமல் போகவேண்டாம்: முறம் அகலத்துக்கு மொறுமொறுப்பான சோள அடை, பீன்ஸ் மசியல், இழை இழையாக வஹாக்கா பாலாடை. அடியில் தடவும் அசியெந்தோ பன்றிக்கொழுப்பு, சைவக்காரர்கள் "சின் அசியெந்தோ" என்று முன்பே சொல்லிவிடவேண்டும்.

இந்த மாநிலத்தில் மத்லசிவா என்று இன்னொருத்தி உண்டு. குடித்துவிட்டு இரவில் திரியும் ஆண்களை அழகு காட்டிக் கூட்டிப்போய் முட்புதரில் தள்ளிவிடுவாள். வழிகாட்டிகள் இவளையும் யொரோனாவையும் ஒன்றாக்கிச் சொல்கிறார்கள். இவள் அழுவதில்லை, பிள்ளைகளைத் தேடுவதும் இல்லை.

பழி இடம் மாறியதைப் பற்றிச் சொன்னேன். பாப்பலோவாபான் ஆற்றோர ஊரில் பிறந்த மனுவேல் கார்பியோ 19-ஆம் நூற்றாண்டில் எழுதிய பதினாலு வரிக் கவிதையில், யொரோனா புருஷனால் கொல்லப்பட்ட ரொசாலியா என்ற பெண். அங்கே குற்றவாளி அவன். பரவலாகச் சொல்லப்படும் நகர வடிவத்தில் நூன்யோ தெ மொந்தெஸ்க்லாரோஸ் என்ற பிரபுவை நம்பி மூன்று பிள்ளை பெற்ற லூயிசா, அவன் வேறொருத்தியை மணந்த இரவில் பிள்ளைகளைக் குத்திக் கொல்கிறாள். அவளுக்குத் தண்டனை கிடைக்கிறது, அவன் பெயர் கெடுவதில்லை. 2019-ல் வந்த ஹாலிவுட் படம் அந்தக் கொலைகாரியை மட்டும் எடுத்துக்கொண்டு, 1973 லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டுக்குள் பயமுறுத்த விட்டது. தண்ணீரும் ஊரும் வரலாறும் கழன்றுபோனபின் மிஞ்சுவது கதவு அடிக்கும் சத்தம் மட்டுமே.

அதே 2019-ல் குவாத்தமாலாவின் ஹைரோ புஸ்தமாந்தே இதே பெயரில் ஒரு படம் எடுத்தார். இஷில் மாயா பூர்வகுடி மக்களைக் கொன்று குவித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு முதிய தளபதியின் வீட்டுக்கு வேலைக்காரியாக வருகிறாள் யொரோனா. படத்துத் தளபதி கற்பனை, ஆனால் நிஜத்தில் அந்நாட்டின் முன்னாள் ராணுவ ஆட்சியாளர் ரியோஸ் மொன்த் 2013 மே மாதம் இனப்படுகொலைக்குத் தண்டிக்கப்பட்டு, பத்தே நாளில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. படத்தில் பிள்ளைகளைத் தண்ணீரில் அமுக்கியவர்கள் சிப்பாய்கள். தாய் அழுகிறாள், அவ்வளவுதான். பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் சஹகூனின் அந்த ஆறாவது சகுனத்தைப் படித்துவிடுங்கள், ஒரு பத்திதான். அடுத்து 1933 படம், கடைசியில் இது. ஒலியைக் கூட்டிவைத்துப் பாருங்கள்; வீட்டைச் சுற்றி முற்றுகையிட்டவர்களின் கோஷம் படம் முழுக்கப் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும், சின்னத் திரையில் அது தவறிப்போகிறது.